மேப்பில் நம்ம கோயில் என்ன நிறம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டுட்டு நிதானமா படிங்க. ஆனா படிக்காம தள்ளிவிட்டுடாதீங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தோம். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல நாங்க ஒட்டியிருந்த நகராண்மைக் கழக நோட்டிசைப் பார்த்துட்டு ஒரு அம்மா கேட்டாங்க: "ஏன் தம்பி, ரோடு போடறதுக்கும் கட்டடம் கட்டறதுக்கும் கூட்டம் வைக்கிறாங்க. அதுல சாமி கும்பிடறவங்களுக்கு என்ன வேலை?"

நல்ல கேள்வி. வரிசை நீளமா இருந்ததால "வாங்கம்மா, அவசியம் வரணும்"னு மட்டும் சொல்லி அனுப்பிட்டோம். அது பதில் இல்ல. இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது, நம்ம கைக்கு எப்படிக் கிடைச்சது என்ற கதையைச் சொன்னாதான் அது பதில்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச ஒரு கோயிலிலிருந்து தொடங்குவோம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுற கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை அமைத்தது. அது முதல்ல இருந்தது ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல. இப்போ இருக்கிற இடத்துக்கு மாறினது 1885-இல். அந்தக் காலத்தில் ஒரு கோயிலோ கம்பமோ இடம் மாறணும்னா, மக்களைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1890-இல் கோலாலம்பூருக்கு சானிட்டரி போர்டு வந்தது. அதில் உட்கார்ந்தவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். ஓட்டுப் போட்டு யாரும் வரவில்லை.

1921-இல் சார்ல்ஸ் ரீட் என்ற ஒருவர் மலாயாவுக்கு அரசாங்க நகரத் திட்ட அதிகாரியாக வந்தார். அதற்கு முன் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஊர் ஊராகப் போய், விளக்கு வைத்துத் திரையில் படம் காட்டி, "ஒரு ஊரை இப்படித்தான் திட்டமிடணும்" என்று பொதுமக்களுக்கு விளக்கம் சொன்னவர். இன்னைக்கு மண்டபத்துல புரொஜெக்டர் வச்சுக் காட்டறாங்களே, அதுக்குப் பாட்டன் மாதிரி. அவர் வந்த பிறகு 1923-இல் மலாய் கூட்டு மாநிலங்களுக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. ஆனா தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டிருந்த நம்ம தாத்தா பாட்டிக்கு அந்த வரைபடத்துல என்ன இருக்குன்னு யாரும் வந்து சொல்லல. அவங்க மரத்தடியில ஒரு கல்லை நட்டு, சூலத்தைக் குத்தி, மாரியம்மான்னு கும்பிட்டாங்க. இடம் தோட்டத் துரையோடது. கேட்டா அவர் "சரி"ன்னு தலையாட்டினார். கிராண்டைப் பத்தி யாரும் யோசிக்கல. இன்னைக்கு நம்மில் பல கோயில்களுக்கு இருக்கிற தலைவலி அந்த மரத்தடியிலேயே ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் ஓட்டு வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில். நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னாடியே நம்ம ஊர் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான ஆளை நாமே தேர்ந்தெடுத்தோம். திட்டம் பிடிக்கலேன்னா அடுத்த தேர்தல்ல பார்த்துக்கலாம் என்ற தைரியம் இருந்தது.

அது நீடிக்கல. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த சமயம், 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வச்சாங்க. அதே வருஷம் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைஞ்சது. அதற்குத் தலைவர் நம்மவர், செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்தாங்களே ஜானகி, அவங்க கணவர். 1968-இல் அவரது ஆணையம் அறிக்கையை ஒப்படைத்தது. குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே நியமன மன்றத்தைவிட மேல், தேர்தல் தொடரணும் என்பது அதன் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏத்துக்கல. நம்ம பிள்ளைகளுக்கு ஆதி நாகப்பன் பேரைச் சொல்லும்போது இந்த விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும்.

இப்போ கவனமா படிங்க. 1976-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. எண்கள்கூட அடுத்தடுத்து. சட்டம் 171, உள்ளாட்சிச் சட்டம். அதுல மன்ற உறுப்பினர்கள் எல்லாரும் நியமனம்னு ஆச்சு, தேர்தல் கதை முடிஞ்சது. சட்டம் 172, நகர, கிராமத் திட்டச் சட்டம். அதுல, திட்டம் போடும்போது மக்களுக்குத் தெரிவிக்கணும், வரைவைப் பார்வைக்கு வைக்கணும், ஆட்சேபத்தை எழுத்தில் வாங்கணும், கேட்டவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு எழுதியிருக்கு.

ஒரு கை எடுத்தது, மறு கை கொடுத்தது. ஓட்டுச் சீட்டு போச்சு, போராங் வந்தது. ஊராட்சி விஷயத்துல நேரடியா நம்ம கையில மிஞ்சினது அந்த போராங்கும் அந்த மண்டபத்து நாற்காலியும்தான். அதையும் நாம காலியா விட்டுட்டு வர்றோம்.

இந்த யோசனை பிரிட்டனில் இருந்து வந்தது. அங்கே 1968-இல் வந்த திட்டச் சட்டம், மக்களுக்கு விளம்பரப்படுத்தணும்னு சொன்னது. அதை எப்படிச் செய்யறதுன்னு ஆராய ஆர்தர் ஸ்கெஃபிங்டன் தலைமையில் ஒரு குழு போட்டாங்க. 1969-இல் அறிக்கை வந்தது. திட்டத்தை முடிச்சுட்டு வந்து காட்டாதே, போடும்போதே மக்களைக் கூப்பிட்டுப் பேசு என்பதுதான் அதன் சாரம். நம்ம நாட்டிலும் 2001-இல் சட்டம் 172-ஐத் திருத்தினபோது, உள்ளூர்த் திட்டம் தயாரிக்க ஆரம்பிக்கும் முன்னாலேயே மக்களுக்குத் தெரிவிக்கணும்னு சேர்த்தாங்க.

எங்களில் பாதிப் பேர் ஃபேக்டரி ஆட்கள், எங்களுக்கு இது புரியும். மெஷினை இடம் மாத்தறதுக்கு முன்னாடி அதுல நிக்கிற ஆப்பரேட்டரைக் கேட்கணும். போல்ட் போட்டு இறுக்கினப்புறம் "அண்ணே, இங்க கதவு திறக்காதே"ன்னு அவன் சொன்னா, யாருக்கு நஷ்டம்?

இனி கோயிலுக்கு வருவோம். சட்டத்தில் இரண்டு வழி இருக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமதான் நாங்க ஒரு தடவை கோட்டை விட்டோம்.

முதல் வழி, பக்கத்து நிலத்தில் ஒருத்தர் கட்டடம் கட்ட விண்ணப்பிக்கும்போது. அந்த வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லேன்னா, அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்பணும். 21 நாளில் ஆட்சேபம் சொல்லலாம். ஒட்டினாப்போல இருக்கிற நிலம், இடையில் 20 மீட்டருக்கு மேல் போகாத ரோடோ சாக்கடையோ இருந்து எதிரே இருக்கிற நிலம், முட்டுச் சந்தா இருந்தா 200 மீட்டருக்குள் இருக்கிற நிலம், இதெல்லாம் அக்கம்பக்கம். ஆனா கடிதம் யாருக்கு? கிராண்டில் பேர் இருக்கிறவருக்கு. 80 வருஷமா விளக்கேத்தினாலும் கிராண்ட் இல்லாத கோயிலுக்குக் கடிதம் வராது.

இரண்டாவது வழி, உள்ளூர்த் திட்டம், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான். ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்கு என்று வண்ணம் பூசிய வரைபடம். அதைப் பார்வைக்கு வைக்கிற காலத்தில் ஆட்சேபம் சொல்ல கிராண்ட் தேவையில்லை. நீங்க சொல்லலாம், பூ கட்டற பாட்டி சொல்லலாம், கோயில் சொல்லலாம். கிராண்ட் இல்லாத கோயிலுக்குத் திறந்திருக்கிற கதவு இதுதான். ஏறக்குறைய ஒரு மாசம் திறந்திருக்கும், அப்புறம் சாத்திடுவாங்க.

எங்க கதை இதுதான். போன தடவை வரைவு பார்வைக்கு வந்தப்போ நோட்டிஸ் பத்திரிகையில வந்தது, மன்றத்துப் பலகையிலயும் ஒட்டினாங்க. நாங்க திருவிழா வேலையில இருந்தோம். பந்தல், அன்னதானம், பால்குடக் கணக்கு. ஒருத்தரும் போகல. சில வருஷம் கழிச்சு, கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி மண்டபத்துக் கூரையை நீட்டணும்னு அனுமதி கேட்டுப் போனோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு வரைபடத்தைத் திறந்தாங்க. கோயில் இருக்கிற இடம் பச்சை. திறந்தவெளி. "இங்கே கோயில்னு எதுவும் காட்டலையே, அங்கிள்"னாங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அவங்க முன்னாடி இருந்த மேப்பில் நம்ம அம்மன் இல்ல. கூரை நின்னுபோச்சு. கும்பாபிஷேகமும் தள்ளிப்போச்சு.

அன்னைக்கு ராத்திரி நிர்வாகக் கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிட்டோம். கடைசில அமைதியாயிட்டோம். குத்தம் எல்லார் மேலயும்தான்.

அடுத்த மறுஆய்வு வந்தப்போ விடல. சங்கப் பதிவுப் பத்திரம், பழைய மின்சார பில், தோட்டக் காலத்துத் தீமிதிப் படங்கள், தோட்ட நிர்வாகம் கொடுத்த பழைய கடிதம், எல்லாத்தையும் நகலெடுத்தோம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் மேசை போட்டு போராங் நிரப்பினோம். மலாய் எழுத நம்ம பிள்ளைங்களே உதவினாங்க. விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. எதிர்ல மூணு பேர். எங்க செயலாளர் பத்து நிமிஷம் பேசினார், குரல் நடுங்கிச்சு. ஆனா பேசினார். புதுத் திட்டத்துல நம்ம இடத்துக்கு வழிபாட்டுத் தலம்னு போட்டிருக்காங்க. கிராண்ட் இன்னும் வரல, அந்த வேலை தனியா ஓடுது. மேப்பில் பேர் வந்ததே பாதி மூச்சு.

"எழுதிக் கொடுத்தா மட்டும் கேட்டுடுவாங்களா?"ன்னு சிலர் கேட்பீங்க. எல்லா நேரமும் இல்லைதான். கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம், 1982-இல் வந்தது. அங்கே நகரின் வரைவுத் திட்டத்தை 2008-இல் பார்வைக்கு வச்சாங்க. ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் குவிஞ்சது. அரசிதழில் வர 2018 ஆச்சு, பத்து வருஷம். 2011-இல் சுங்கை பூலோ–காஜாங் எம்ஆர்டி பாதையை மூணு மாசம் பார்வைக்கு வச்சப்போ, பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் ஜாலான் சுல்தான் கடைக்காரங்க பழைய கட்டடங்களைக் காப்பாத்த ஒண்ணா நின்னதை நாம பார்த்தோம்.

இன்னொண்ணு நம்ம ஜனங்களோடு சம்பந்தப்பட்டது, தாமான் ரிம்பா கியாரா. அங்கே நீண்ட வீடுகளில் இருந்தவங்க புக்கிட் கியாரா தோட்டத்துப் பழைய தொழிலாளர் குடும்பங்கள். தோட்டத்தை 1980-களில் அரசாங்கம் எடுத்தபோது நல்ல வீடு தர்றோம்னு சொன்ன வாக்குக்காகக் காத்திருந்தவங்க. பூங்காவில் 12 ஏக்கரில் உயர்ந்த அடுக்குமாடிகள், கூடவே இவங்களுக்கும் வீடுன்னு ஒரு திட்டத்துக்கு 2017-இல் அனுமதி கொடுத்தாங்க. சுத்துப்புறக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டாங்க. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நல்லினி பத்மநாதன். அமைப்புத் திட்டத்தை இஷ்டத்துக்கு மீறக்கூடாது, பாதிக்கப்படுகிறவங்களைக் கேட்கணும் என்பதை அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது.

இதுல ஜெயிச்சது யாருன்னு நாங்க கைதட்ட வரல. பூங்கா வேணும்னு சொன்னவங்க பக்கமும் நியாயம் இருந்தது, வீட்டுக்குக் காத்திருந்த நம்ம தோட்டத்து ஜனங்க பக்கமும் நியாயம் இருந்தது. ஆரம்பத்திலேயே இரண்டு பக்கத்தையும் ஒரே மண்டபத்துல உட்கார வச்சு முழுசாப் பேசியிருந்தா, இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடந்திருக்க வேண்டியதில்லையோன்னு தோணுது. கூட்டத்தோட அருமை அதுல இருக்கு.

சரி, இப்போ காரியத்துக்கு வருவோம். நோட்டிஸில் போட்டிருக்கிற நாளில் கோயில் வாசல்ல இருந்து வேன் கிளம்பும். வர்றவங்க ஐசி எடுத்துட்டு வாங்க. மண்டபத்துல முதல்ல வரைபடத்துக்கு முன்னாடி போய் நில்லுங்க, பலகாரம் அப்புறம் சாப்பிடலாம். நம்ம கோயிலைத் தேடுங்க. அப்படியே தமிழ்ப்பள்ளி, சுடுகாடு, உங்க தாமான் சாக்கடை, விளையாட்டு மைதானம், எல்லாத்தையும் பாருங்க. கேள்வியை மரியாதையா, சுருக்கமா கேளுங்க. சத்தம் போட்டா அது குறிப்புல ஏறாது. எழுதிக் கொடுத்தாதான் ஏறும். கொடுத்த போராங்குக்கு முத்திரை குத்தின நகல் வாங்காம வெளியே வராதீங்க.

பக்கத்துல மசூதிக்காரங்களும் சீனக் கோயில்காரங்களும் வந்திருப்பாங்க. வணக்கம் சொல்லி உட்காருங்க. சாக்கடை எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அந்த அம்மாவுக்கு எங்க பதில் இது. நம்ம தாத்தாக்களை யாரும் கூப்பிடல, அதனால அவங்க போகல. நம்மளைக் கூப்பிடறாங்க. அம்மா இருக்கிற இடத்தை மேப்பில் காட்ட அம்மாவே எழுந்து வரமாட்டாங்க. நாமதான் போகணும்.

உங்க புலனக் குழுவுலயும் இதைப் பகிருங்க. வேன்ல இடம் வேணும்னா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுங்க.

அம்மா துணை.
கோயில் தொண்டர்கள்