சாக்பீஸில் வரைந்த குழாய்

போன வாரம் கல்லூரி நண்பன் போன் பண்ணினான். மெக்கானிக்கல் படித்துவிட்டு நான் பொட்டி தட்டப் போய்விட்டேன், அவன் ஒழுங்காக பைப்பிங் வேலையிலேயே இருக்கிறான். "பழைய லைன்ல புதுசா ஒரு மோட்டார் வால்வு மாட்டணும் மச்சி. குழாய் தாங்குமான்னு மூணு நாளா கணக்கு போட்டுட்டு இருக்கேன்" என்றான்.

"ஒரு வால்வுக்கு மூணு நாளாடா? அடியில ஒரு முட்டு குடுத்தா ஆச்சு!" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஃப்ளிக்ஸ்பரோன்னு தேடிப் படி" என்று சொல்லி வைத்துவிட்டான். படித்தேன். அந்த ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்தில் லிங்கன்ஷைர் பக்கம் ஒரு சின்ன கிராமம் ஃப்ளிக்ஸ்பரோ. அங்கே நைலானுக்கு மூலப்பொருளான காப்ரோலாக்டம் தயாரிக்கும் நைப்ரோ தொழிற்சாலை இருந்தது. ஆறு ரியாக்டர்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று தாழ்வாக வரிசையாக நிற்கும். உள்ளே 155 டிகிரி சூட்டில், அழுத்தத்தில் சைக்ளோஹெக்சேன். பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் சரக்கு.

1974 மார்ச் 27. ஐந்தாவது ரியாக்டரில் பெரிய விரிசல். அதைக் கழற்றிவிட்டு நாலையும் ஆறையும் ஒரு குழாயால் இணைத்து ஓட்டலாம் என்று முடிவாகிறது. ரியாக்டரின் வாய் 28 அங்குலம், கையில் இருந்த குழாயோ 20 அங்குலம். இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாயை இரண்டு இடத்தில் ஒடித்து வெல்டு செய்தார்கள். இரண்டு பக்கமும் ஏற்கனவே இருந்த பெல்லோஸ், அதாவது சூட்டில் நீண்டு சுருங்க இடம் கொடுக்கும் துருத்தி மாதிரியான மடிப்புக் குழாய், அப்படியே இருந்தது. அடியில் முட்டுக்கொடுக்கக் கட்டிடச் சாரம் கட்டுவார்களே, அந்தக் கம்பிகள்.

இதற்கு இருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டது. நம்பவே முடியவில்லை இல்லையா? கணக்கே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. திரவம் போகிற அளவுக்குக் குழாய் போதுமா, நேர்க்குழாயாக இருந்தால் அழுத்தம் தாங்குமா என்று பார்த்தார்கள். ஆனால் அது நேர்க்குழாய் இல்லையே!

நானே ஒரு தோராயக் கணக்கு போட்டேன். சதுர சென்டிமீட்டருக்கு 8.8 கிலோ அழுத்தம், 28 அங்குல வாய். ஒவ்வொரு முனையிலும் சுமார் 35 டன் தள்ளு. இரண்டு முனையும் ஒரே கோட்டில் இல்லாததால் இரண்டு தள்ளும் சேர்ந்து குழாயைத் திருப்பப் பார்க்கும். கீழே இருந்த சாரம் எடையை மட்டும்தான் தாங்கும். குழாய் பக்கவாட்டிலோ மேல்பக்கமோ நகர்ந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லியிருக்க வேண்டிய தலைமைப் பொறியாளர் அந்த வருட ஆரம்பத்திலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை.

ஏப்ரல் 1 அன்று ஆலையை ஓடவிட்டார்கள். இரண்டு மாதம் ஓடியது. ஜூன் 1, சனிக்கிழமை, மாலை 4.53. குழாய் பிய்த்துக்கொண்டது, மேகமாகக் கிளம்பிய ஆவி வெடித்தது. 28 பேர் போய்விட்டார்கள். அதில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,800 வீடுகள் சேதம். வார நாளாக இருந்திருந்தால் ஆலைக்குள் 500 பேருக்கு மேல் இருந்திருப்பார்கள்.

பக்கத்தில் இருந்த 8 அங்குலக் குழாய்தான் முதலில் உடைந்தது என்று வாதாடியவர்களும் உண்டு. 1975-ல் அறிக்கை கொடுத்த விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை, சாக்பீஸ் குழாயைத்தான் கைகாட்டியது. எது முதலில் போனாலும், கணக்கில்லாமல் மாட்டினார்கள் என்பது மாறப்போவதில்லை. ஓடுகிற ஆலையில் எதை மாற்றினாலும் தகுதியான ஒருவர் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும் என்ற வழக்கம் உலகம் பூரா வலுத்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

மறுபடி நண்பனைக் கூப்பிட்டேன். திட்டாமல் பொறுமையாகச் சொன்னான். குழாய் ஏற்கனவே தன் எடை, உள்ளே ஓடும் திரவம், மேலே சுற்றிய இன்சுலேஷன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்கிறது. வால்வு ஒரே இடத்தில் வந்து உட்காரும் எடை. மோட்டார் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தால் குழாயை முறுக்கும். ஸ்பிரிங் சப்போர்ட் என்றால் அது பழைய எடைக்கு வைத்தது, புது எடைக்கு இறங்கிவிடும். "முட்டு குடுக்கறது பெரிய விஷயம் இல்லடா. குழாய் சூட்டுல எந்தப் பக்கம் நகரப் பாக்குது, முட்டு அதை விடுதா, தடுக்குதா? அதுக்குத்தான் மூணு நாள்."

ஒன்றை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். என் கோடில் 'தற்காலிகம், பிறகு சரி செய்யவும்' என்று நான் எழுதி வைத்த ஒரு வரி ஒன்றரை வருடமாக அப்படியே இருக்கிறது. இதுவரை ஓடுகிறது. ஃப்ளிக்ஸ்பரோ குழாயும் இரண்டு மாதம் ஓடத்தான் செய்தது. திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்.