முயல் கதை வாங்கித் தந்த நிலம்



நீலச் சட்டை அணிந்த முயல்குட்டி ஒன்று வேலிக்குள் நுழைந்து தோட்டக்காரரிடம் அகப்படப் பார்க்கும் கதையை நம் பிள்ளைகளுள் பலர் அறிந்திருப்பர். பீட்டர் முயல் என்னும் அக்கதையை எழுதி, படங்களையும் வரைந்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் (1866-1943). இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரி மாவட்டம் எனப்படும் மலைப்பகுதியில், நியர் சாரி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே அவர் வாங்கிய ஹில் டாப் பண்ணை வீடு இன்றும் பேணப்பட்டு வருகின்றது. ஒரு ஜூன் மாதத்தில் அதனைக் காணச் சென்று, அருகிலுள்ள விண்டர்மியர் ஏரிக்கரையில் மூன்று இரவுகள் குடும்பத்தோடு கூடாரமிட்டுத் தங்கினேன். வீட்டைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத எழுத வீட்டைவிட நிலமே மிகுதியாக வந்து நிற்கின்றது. அதற்குக் காரணம் உண்டு.

நாங்கள் கூடாரமிட்ட இடத்தின் பெயர் லோ ரே. ஏரியின் மேற்குக் கரை. நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை அதனை நடத்துகின்றது. சற்றுத் தொலைவில் மேட்டின்மேல் ரே கோட்டை நிற்கின்றது. கோட்டை என்றதும் படையும் போரும் நினைவுக்கு வரலாம். அப்படி ஒன்றும் இல்லை. லிவர்ப்பூல் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவர் 1840களில் தமக்கெனக் கட்டிக்கொண்ட மாளிகை அது. பழமையானதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காகவே கோட்டை வடிவம்!

1882ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனைச் சேர்ந்த பாட்டர் குடும்பம் இந்த மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கியது. மகள் பியாட்ரிக்ஸுக்கு அப்பொழுது அகவை 16. பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே ஆசிரியைகளிடம் பயின்ற பெண். வண்டு, வௌவால், முயல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வளர்த்து, பார்த்து, வரைந்து பழகியவர். அவ்வேளையில் ரே ஊர்த் தேவாலயத்தில் பணியாற்றிய ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் பாதிரியார் அக்குடும்பத்தின் நண்பரானார். ஏரிகளும் மலைகளும் தனியார் இலாபத்திற்குப் பலியாகக் கூடாது என்று ஓயாமல் பேசியும் எழுதியும் வந்தவர் அவர். 1895இல் ஆக்டேவியா ஹில் அம்மையார், ராபர்ட் ஹன்டர் ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்டைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர். பிற்காலத்தில் பாட்டர் அம்மையார் தம் நிலத்தையெல்லாம் யாருக்கு விட்டுச் சென்றாரோ, அந்த அறக்கட்டளையின் கதையும் அவருடைய கதையும் முதன்முதலில் தொட்டுக்கொண்டது இந்தக் கரையில்தான். வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்தேறுகின்றவருக்கு இது கண்ணில் படாது.

மறுநாள் காலை ஹாக்ஸ்ஹெட் வழியாக நடந்தோம். ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். வழியில், 1585இல் நிறுவப்பட்ட பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருக்கின்றது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் சிறுவனாகப் பயின்றது அங்கேதான். அவர் கத்தியால் பெயரைச் செதுக்கிய மேசையை இன்றும் காட்டுகின்றனர். நம் வகுப்பறைகளில் இதற்குத் தண்டனை உண்டு என்று என் மகனிடம் சொல்லி வைத்தேன்.

எஸ்த்வெயிட் ஏரியைக் கடந்தால் நியர் சாரி. ஹில் டாப் சிறிய வீடு. பலகைக்கல் பாவிய முகப்பு. உள்ளே நுழைந்ததும் கரிய இரும்பு அடுப்பு, பாத்திர அலமாரி, மங்கலான ஒளி. 1908இல் வெளிவந்த சாமுவேல் விஸ்கர்ஸ் கதையின் படங்களில் இந்த அறைகளும் மாடிப்படியும் அப்படியே உள்ளன. புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக ஒப்பிட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. அக்கதையில் எலிகள் அட்டகாசம் செய்கின்றன. அம்மையார் வாங்கியபோது வீட்டில் மெய்யாகவே எலித்தொல்லை இருந்தது!

ஆனால், ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுத்தாளர் எழுந்துபோன இடத்தில் நாற்காலி அப்படியே இருக்கின்றது என்று நாம் நினைவில்லங்களைப் பற்றிச் சொல்வோம் அல்லவா? ஹில் டாப் அத்தகையது அன்று. 1913இல் உள்ளூர் வழக்குரைஞர் வில்லியம் ஹீலிஸை மணந்த பிறகு, அம்மையார் எதிரே இருந்த காசில் காட்டேஜ் என்னும் வேறொரு வீட்டில் வாழ்ந்தார். இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அங்கேதான். ஹில் டாப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, பழைய மரச்சாமான்களையும் பீங்கான்களையும் தேடித் தேடிச் சேர்த்து அடுக்கினார். தமக்குப் பின்னும் அது அவ்வாறே இருக்க வேண்டும் என்று விருப்பம் தெரிவித்துச் சென்றார். 1946இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆக, நாம் காண்பது அவர் வாழ்ந்த வீடு என்பதைக் காட்டிலும், நாம் காண வேண்டும் என்று அவர் அமைத்த வீடு என்பதே பொருந்தும். இதனால் எனக்கு ஏமாற்றம் இல்லை. படம் வரைபவர் வீட்டையும் ஒரு படமாக அமைத்திருக்கின்றார்.

அப்படியானால் அவர் வாழ்ந்தது எதில்? ஆடுகளிலும் வயல்களிலும் என்பேன்.

பணம் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1893 செப்டம்பர் 4ஆம் நாள், தம் முன்னாள் ஆசிரியையின் ஐந்து அகவை மகன் நோயல் மூருக்கு, நோயுற்றுக் கிடந்த அவனை மகிழ்விக்கப் படங்களோடு ஒரு மடல் எழுதினார். பீட்டர் முயல் பிறந்தது அம்மடலில். பின்னர் அதனை நூலாக்க முயன்றபோது பதிப்பாளர்கள் மறுத்தனர். 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். அதன்பின் பிரெடரிக் வார்ன் நிறுவனம் 1902இல் வெளியிட, அவ்வாண்டு முடிவதற்குள் 28,000 படிகள் அச்சாயின. நூல் சிறியதாக, சிறு கைகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். இதனைப் பாடநூல் தயாரிப்போர் கவனிக்கலாம்.

1905 ஜூலையில் பதிப்பகத்தைச் சேர்ந்த நார்மன் வார்ன் அவரை மணக்கக் கேட்டார். பெற்றோர் எதிர்த்தனர், மாப்பிள்ளை வணிகக் குடும்பத்தவராம். அவர்களுடைய செல்வமோ லங்காஷயர் பருத்தித் தொழிலில் வந்தது. பாட்டனார் கேலிக்கோ துணிகளுக்கு அச்சிட்டு விற்றுப் பெருஞ்செல்வரானவர். (கேலிக்கோ என்னும் சொல் நம் கோழிக்கோட்டிலிருந்து போனது.) அம்மையார் பணியவில்லை, மணப்பதற்கு இசைந்தார். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 25ஆம் நாள் நார்மன் இரத்த நோயால் இறந்தார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில்தான் நூல்களின் வருவாயையும் அத்தை விட்டுச் சென்ற சிறு தொகையையும் கொண்டு, 39ஆம் அகவையில், 34 ஏக்கர் ஹில் டாப் பண்ணை வாங்கப்பட்டது. நார்மன் முன்பு வாங்கித் தந்த பொம்மைவீட்டுச் சிறு உணவுப் பண்டங்கள் இன்றும் அவ்வீட்டில் உள்ளன. என் மனைவி அவற்றின் முன்னே நெடுநேரம் நின்றார்.

பிறகு வந்தவை ஆடுகள். அப்பகுதிக்கே உரிய செம்மறி இனத்திற்கு ஹெர்ட்விக் என்று பெயர். குட்டிகள் கன்னங்கரேலென்று பிறக்கும். வளர வளர உடல் சாம்பல் நிறமாகும், முகம் வெளுக்கும். கம்பளி முரடு, நல்ல விலை போகாது. இருந்தும் மலையின் பனியையும் மழையையும் தாங்கும். மலையுச்சியில் வேலி கிடையாது. ஆயினும் ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய எல்லையில் மேயும். அந்த எல்லையைத் தாயாடு குட்டிக்குப் பழக்குகின்றது. குட்டி வளர்ந்து தன் குட்டிக்குப் பழக்குகின்றது. ஆகவே பண்ணை கைமாறும்போது மந்தை பண்ணையோடே இருப்பது அங்குள்ள வழக்கம். ஒரு தலைமுறை அறுந்தால் போதும். புதிதாக வாங்கிவிடும் ஆடுகள் மலையெங்கும் அலையும். 2001இல் கோமாரி நோய் பரவி ஆடுகள் கொல்லப்பட்டபோது, உழவர்கள் அஞ்சியது ஆட்டின் விலைக்காக மட்டுமன்று, இந்த அறிவு அழிந்துவிடுமே என்றும்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவருக்கும் இதைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வரும். நான் விளக்கத் தேவையில்லை.

அம்மையார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1923இல், கட்டடங்கள் எழுப்பப்படும் அச்சம் சூழ்ந்திருந்த டிரவுட்பெக் பார்க் என்னும் ஏறத்தாழ 2,000 ஏக்கர்ப் பண்ணையை வாங்கி, ஆடுகளைத் தேற்றினார். 1930இல் மாங்க் கானிஸ்டன் நிலம், 4,000 ஏக்கர் அளவில், துண்டு துண்டாக விலைபோக இருந்தது. முழுவதையும் வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். அவர் செல்வர் வீட்டுப் பெண் என்பதை மறைப்பதற்கில்லை; எல்லாருக்கும் வாய்க்கின்ற வழியன்று இது. ஆனால், அத்தனை செல்வர்களும் ஏரிக்கரையில் மாளிகை கட்டிய காலத்தில் இவர் ஆட்டுப்பட்டி வாங்கினார்.

1943 டிசம்பர் 22ஆம் நாள் இறந்தபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், பத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளும் அறக்கட்டளைக்குச் செல்லும்படி எழுதி வைத்திருந்தார். மலைப்பண்ணைகளில் தூய ஹெர்ட்விக் மந்தைகளே தொடர வேண்டும் என்பதும் உயிலில் உண்டு. அவருடைய அத்திச் சாம்பலை அவருடைய ஆட்டிடையர் டாம் ஸ்டோரி அந்த மேய்ச்சல் நிலத்தில் தூவினார். எந்த இடம் என்பது வெளியிடப்படவில்லை.

கூடாரத்தில் தங்குவது இதற்காகத்தான் உதவியது. விடுதிச் சன்னலிலிருந்து மலை வெறும் காட்சி. கூடாரத்திலோ விடியற்காலை நான்கரை மணிக்கே வெளிச்சமும் ஆடுகளின் கத்தலும் நம்மை எழுப்பிவிடும். இரண்டாம் நாள் இரவு முழுவதும் மழை. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், காலையில் அதே மழையில் கருங்குட்டிகள் தாயின் பின்னே ஏறிப் போவதைக் கண்டதும் முணுமுணுப்பு நின்றது.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஹில் டாப்பினுள் ஒரு நேரத்தில் சிலரையே விடுவார்கள். நேரம் குறித்த சீட்டை முன்னதாகவே பெற்றுவிடுங்கள். ஊர்ச்சாலை மிகக் குறுகியது. வண்டி நிறுத்துமிடமும் சிறியது. நடக்கக்கூடியவர்கள் நடந்தே செல்லலாம். கோடையிலும் இரவில் குளிரும். மழைச்சட்டையும் கம்பளியும் கட்டாயம். சாமுவேல் விஸ்கர்ஸ் நூலை மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.