வி.பி.பி. பெற்ற பிள்ளை

ஆன்லைன் சந்தை எங்கே பிறந்தது என்று கேட்டால் பெங்களூரைக் காட்டுவார்கள். அது பாதிக் கதைதான். மீதிக் கதை தபாலாபீசில் இருக்கிறது.

1877-இல் இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பொருள் முதலில் வீடு தேடி வரும். தபால்காரர் கையில் பணத்தைக் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணம் மணியார்டராக விற்றவருக்குப் போய்ச் சேரும். பத்திரிகை விளம்பரம் பார்த்துப் புத்தகமும் லேகியமும் வரவழைத்த தலைமுறைக்கு இது அத்துபடி. முகம் தெரியாத வியாபாரியிடம் துணிந்து வாங்கும் பழக்கம் நமக்கு அப்படித்தான் வந்தது.

அடுத்து, 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. உதாரணமாக, சங்கரன்கோவிலுக்கு 627756. முதலில் நிற்கும் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். 627 திருநெல்வேலிப் பகுதி. கடைசி மூன்று இலக்கம் ஊர்த் தபாலாபீஸ். 2019 நவம்பரில் ஊர் தென்காசி மாவட்டத்தோடு சேர்ந்தது, எண் மாறவில்லை. இன்றைக்கு எந்தச் செயலியும், பார்சல் நம் ஊருக்கு வருமா வராதா என்பதை இந்த ஆறு இலக்கத்தை வைத்துத்தான் சொல்கிறது.

இவ்வளவும் தயாராக இருந்த நாட்டில்தான், 1999-இல் வைத்தீஸ்வரனும் கூட்டாளிகளும் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கினார்கள். வாங்க ஆசைப்பட்டாலும் அப்போது கையில் கார்டு வைத்திருந்தவர்கள் சொற்பம். 2007 அக்டோபரில் ஃபிளிப்கார்ட் வந்தது. அதன் முதல் ஆர்டர் ஒரு புத்தகம். கேட்டவர் மாநகரவாசி அல்ல, மகபூப்நகர்க்காரர். 2010-இல் 'பொருள் வந்ததும் பணம்' என்று அறிவித்த பிறகுதான் சிற்றூர்கள் பயமில்லாமல் உள்ளே வந்தன. அது வி.பி.பி.யேதான், பெயர்தான் வேறு.

கென்யாவில் வரிசை தலைகீழ். அங்கே 2007-லேயே எம்-பெசா வந்து, செல்போனில் பணம் அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. ஜூமியா போன்ற சந்தைகள் பிறகுதான் வந்தன. ஆனால் அங்கே தபால் வீட்டுக்கு வருவதில்லை, அஞ்சல் பெட்டிக்குத்தான் போகும். அதனால் பொருளை வாங்கிச் செல்லத் தனி நிலையங்கள் திறக்க வேண்டியிருந்தது. நமக்கோ வாசலுக்கு வரும் தபால்காரர் முதலில், யு.பி.ஐ. 2016-இல்தான்.

'சந்தை' என்ற உருவம் சட்டத்தால் வந்தது. வெளிநாட்டு முதலீடு உள்ள நிறுவனம் இணையத்தில் தானே சரக்கு வாங்கி வைத்து நேரடியாக மக்களுக்கு விற்கப் பொதுவாக அனுமதி இல்லை. அதனால் 2013-இல் அமேசான் இங்கே வந்தபோதே, பிற வியாபாரிகளுக்கு இடம் தரும் சந்தையாகத்தான் வந்தது. நம் ஊர் வியாபாரிக்குக் கதவு திறந்தது இந்தக் கட்டுப்பாட்டினால்தான் என்பேன்.

திறந்த கதவுக்குள் நுழைவது லேசாக இல்லை. சங்கரன்கோவில் விசைத்தறிப் பருத்திச் சேலைக்கு வெளியூர்களில் நல்ல பெயர் உண்டு. ஆனால் வியாபாரம் எவ்வளவு சிறியதானாலும், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் ஆன்லைன் சந்தையில் சேலை விற்க முடியாது என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். பதிவில்லாத தறிக்காரர் வெகு தொலைவில் இருக்கும் சென்னைக்கு ஆன்லைனில் சேலை அனுப்பலாம். செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூருக்கு அனுப்பக் கூடாது. ஓணத்துக்குப் பருத்தி கேட்கும் வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தத் தடையையும் எடுத்துவிட வேண்டும்.