மூன்றில் ஒரு பங்கு

பெரிய இயந்திரம் ஒன்றை விற்றுவிட்டு, பிறகு பல்லாண்டுகள் அதைப் பழுது பார்ப்பதிலும் பராமரிப்பதிலும் வருவாய் ஈட்டுவது இன்று நமக்குப் பழகிப்போன தொழில்முறை. மண் தோண்டும் இயந்திரம் வாங்குபவர், விலையைக் கேட்பதற்கு முன்பே ‘சர்வீஸ்’ யார் செய்வார்கள் என்று கேட்டுவிடுகிறார். இந்த உறவின் மிக ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்று, 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் நடந்தது. ஜேம்ஸ் வாட்டின் வாழ்க்கையை எழுதியவர்களுக்கு அது பெரும்பாலும் வழக்கு வம்புகளின் அத்தியாயம். வாடிக்கையாளரின் பக்கம் நின்று பார்க்கும்போது அதே கதை வேறாகத் தெரிகிறது.

கார்ன்வாலின் செல்வம் செம்பும் வெள்ளீயமும். ஆழம் போகப்போக அங்கே நீர் ஊறியது. இறைப்பது நின்றால் சுரங்கம் மூழ்கிவிடும். 1712 முதல் புழக்கத்திற்கு வந்த நியூகோமனின் நீராவி என்ஜின் அந்த நீரை இறைத்தது உண்மைதான், ஆனால் அது நிலக்கரியை அள்ளி விழுங்கிற்று. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கும் வாட்டின் என்ஜின், அதே வேலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரியில் முடித்தது. 1769இல் அவர் பெற்ற காப்புரிமையை 1775இல் பாராளுமன்றம் 1800 வரை நீட்டித்துத் தந்தது. அதே ஆண்டில் பர்மிங்காம் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டன் அவருடன் கூட்டுச் சேர்ந்தார்.

இவர்கள் போட்ட ஒப்பந்தம் விசித்திரமானது. என்ஜினுக்கென்று முழு விலை கிடையாது. வாட் வரைபடங்களைத் தருவார். வால்வு போன்ற நுண்ணிய உறுப்புகள் பர்மிங்காமிலிருந்து வரும். சிலிண்டரை ஜான் வில்கின்சனின் இரும்பாலையில் கடைந்து வாங்கவேண்டும். கட்டடம், மரம், மற்ற இரும்பு எல்லாம் சுரங்கத்தாரின் செலவு. நிறுவிக் கொடுக்க நிறுவனத்தின் ஆள் வருவார். அவருக்கும் சுரங்கத்தாரே கூலி தரவேண்டும். இத்தனைக்கும் பிறகு, பழைய என்ஜின் ஓடியிருந்தால் எவ்வளவு கரி எரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, மிச்சமான தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டும். என்ஜின் எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதை எண்ண ஒரு சிறு கருவி, பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. என்ஜின் நன்றாக ஓடினால் இருவருக்கும் ஆதாயம். கெட்டுப்போனால் இருவருக்கும் நட்டம். பழுது பார்ப்பவனுக்கும் உடைமையாளனுக்கும் ஒரே அக்கறை. சொந்தமாகப் பெரிய வார்ப்பாலைகூட அந்த நிறுவனத்துக்கு 1790களின் நடுப்பகுதி வரை இல்லை. அவர்கள் உண்மையில் விற்றது அறிவையும் கவனிப்பையும்தான்.

1777இல் சேஸ்வாட்டர் சுரங்கத்தில் வாட்டின் என்ஜின் இயங்கத் தொடங்கியபோது கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. நம்பியவர், நம்பாதவர் எல்லோரையும் மகிழ்வித்தது அதன் பயங்கரச் சத்தமே என்று வாட் கடிதத்தில் எழுதினார். அவர் அதை நிதானமாக ஓடும்படி ஓரிரு முறை திருத்தியும் பார்த்தார். ஆனால் ஆர்ப்பாட்டமாக ஓடுவது காதில் விழாவிட்டால் சுரங்கத்து மேலாளருக்குத் தூக்கம் வரவில்லையாம். அடக்கத்தின் அருமை மனிதரிடத்தில் தெரியாதது போலவே இயந்திரத்திலும் தெரியவில்லை என்று வாட் அலுத்துக்கொண்டார். எனக்கு அந்த மேலாளரின் மேல்தான் அனுதாபம். சத்தம் நின்றால் அவருடைய சுரங்கம் நீருக்குள் போகும்.

நிறுவனம் அனுப்பிய ஆட்கள் பலரால் வாட்டுக்குத் தலைவலிதான் மிச்சம். குடிக்கிறார்கள், வேலை தெரியவில்லை என்று கடிதங்களில் குமுறினார். 1779இல் கார்ன்வாலுக்கு வந்த வில்லியம் மர்டாக் இந்த வரிசையில் சேராதவர். ஸ்காட்லாந்துக்காரர். இரண்டாண்டுகளுக்கு முன் பர்மிங்காமுக்கு வந்து வேலை கேட்டபோது தாமே கடைந்த மரத் தொப்பியை அணிந்திருந்தார் என்றும், அதைப் பார்த்தே போல்ட்டன் வேலை கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கார்ன்வாலில் ரெட்ரூத் ஊரில் குடியேறினார். தன்னை மிரட்ட வந்த சுரங்கத் தலைவர்களில் ஆகப் பெரியவரை என்ஜின் அறையிலேயே அடித்து வீழ்த்தியதாகவும், பிறகு எல்லோரும் கைகுலுக்கிப் பிரிந்ததாகவும் இன்னொரு கதை. இவை எவ்வளவு உண்மையோ, போல்ட்டனின் கடிதம் ஒன்றில் உள்ளதை ஐயப்பட வேண்டியதில்லை. மர்டாக் இரண்டு நாள் இரவும் பகலும் ஒரு சுரங்கத்தில் உழைத்திருக்கிறார். உடனே வந்து ஓட்டிக் கொடுக்காவிட்டால் நெருப்பை அணைத்துவிடுவோம் என்று வீல் வர்ஜின் சுரங்கத்திலிருந்து ஓலை வருகிறது. போய் ஓட்டிவிட்டு இரவு பதினொரு மணிக்குத் திரும்பி, விடியற்காலை நான்கு மணி வரை மறுபடி வேலை. காலை பத்து மணிக்குப் போல்ட்டன் பார்க்கும்போது அவர் போல்டைஸ் சுரங்கத்தின் நீர்த்தொட்டிக்குள் இறங்கி, தெறித்து விழுந்த ஆணிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தூங்கும்படி முதலாளி வற்புறுத்த வேண்டியிருந்தது.

சுரங்கத்தார் விசுவாசம் வைத்தது இந்த மனிதரிடம். பர்மிங்காமிலிருந்த நிறுவனத்தின் மீது அது படியவே இல்லை. மர்டாக் கூலியை உயர்த்தக் கேட்டபோது வியாபாரம் சரியில்லை என்று வாட் தயங்க, போல்ட்டன் ஒரு வழி செய்தார் என்று 19ஆம் நூற்றாண்டில் இவர்களைப் பற்றி எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் சொல்கிறார்: ஓர் அன்பளிப்பு, பாதி நிறுவனம் தந்தது, மறுபாதி சுரங்கத்தார் தந்தார்கள். மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க மூக்கால் அழுதவர்கள், இதைக் கேட்டவுடன் கொடுத்தார்கள். நிறுவனமும் அவர் மதிப்பை அறிந்தேயிருந்தது, தனக்கே உரிய விதத்தில். நீராவி வண்டி ஒன்றின் சிறு மாதிரியைச் செய்து ஓட்டிய மர்டாக், 1786இல் அதற்குக் காப்புரிமை பெற லண்டன் நோக்கிப் புறப்பட்டார். வழியில் எக்ஸிட்டர் அருகே எதிர்ப்பட்ட போல்ட்டன், பேசிப் பேசி அவரைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார். கண்டுபிடிப்பாளரைவிடப் பழுது பார்ப்பவர்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

கசப்பின் வேர் ஒப்பந்தத்திலேயே இருந்தது. முதல் சில ஆண்டுகள் பழைய என்ஜின் அண்டையிலேயே நின்றது. மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தது. 1780களின் நடுவில் கார்ன்வாலில் நியூகோமன் என்ஜின்கள் அநேகமாக மறைந்துவிட்டன. அதன் பிறகு, இல்லாத ஓர் என்ஜின் எரித்திருக்கக்கூடிய கரிக்காக ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருந்தது. புதிய பங்குதாரருக்கு அது வெறும் கப்பமாகவே பட்டிருக்கும். போதாக்குறைக்கு, ஆங்கிள்ஸி தீவில் தோண்டத் தோண்ட மலிவாகக் கிடைத்த செம்பு விலையைச் சரித்தது. தள்ளுபடி கேட்டார்கள், ஓரளவு கிடைத்தது. போல்ட்டனும் வாட்டும் சில சுரங்கங்களில் பங்குகூட வாங்கினார்கள். பூட்டிய பெட்டி மட்டும் அங்கேயே இருந்தது.

வாட்டின் என்ஜின்களைக் கையாண்டு பழகியவர்களே பிறகு போட்டிக்கு வந்தார்கள். எட்வர்ட் புல் அவர்களிடம் வேலை பார்த்தவர். சுரங்கத்தின் வாய்மேலேயே சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்திச் சொந்தமாக என்ஜின் கட்டினார். இளைஞரான ரிச்சர்ட் ட்ரெவிதிக் அவருடன் சேர்ந்தார். இரண்டு சிலிண்டர் என்ஜினுக்கு 1781இலேயே காப்புரிமை பெற்றிருந்த ஜோனதன் ஹார்ன்புளோயரும் களத்தில் இருந்தார். 1793இல் புல்லின் மீது தொடுத்த வழக்கு இழுபட்டுக்கொண்டே போக, பல சுரங்கங்கள் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டன. 1799இல் ஹார்ன்புளோயர் வழக்கில் தீர்ப்பு வாட்டின் பக்கம் வந்தது. நிலுவை வசூலாயிற்று. அடுத்த ஆண்டே காப்புரிமை காலாவதியானது. கார்ன்வாலிலிருந்து ஒரு புதிய என்ஜினுக்கும் அந்த நிறுவனத்தைத் தேடி ஆள் போகவில்லை என்றே சொல்லலாம். மர்டாக் 1798இல் பர்மிங்காம் திரும்பியிருந்தார். பெரிய சம்பளம் தருகிறோம், இங்கேயே இருந்துவிடும் என்று சுரங்கத்தார் கேட்டுப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

விடுதலை உடனே நன்மை தரவில்லை. மேற்பார்வைக்கு ஆளில்லாமல் என்ஜின்கள் சீர்கெட்டன. ஒரு சுரங்கத்தின் கரிச் செலவு அடுத்த சுரங்கத்தாருக்குத் தெரியாது. மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு நிறுவனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியிருக்க வேண்டும். 1811இல் சுரங்க மேலாளர்கள் சிலர் சேர்ந்து, தங்களில் ஒருவரும் நம்பிக்கைக்குரியவருமான ஜோயல் லீனை அழைத்து, எல்லா என்ஜின்களையும் மாதந்தோறும் அளந்து அச்சிடச் சொன்னார்கள். ஒரு புஷல், அதாவது 94 பவுண்டு கரியை எரித்து எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்தியது என்பதே அளவு. பட்டியலில் சுரங்கத்தின் பெயரோடு என்ஜினைக் கவனிக்கும் பொறியாளரின் பெயரும் இருந்தது. எவர் வேலை எப்படி என்பதை ஊரே படித்தது. ஒருவர் செய்த திருத்தத்தை மற்றவர் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் சராசரி இரண்டு கோடியை எட்டவில்லை. 1835இல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தின் என்ஜின் ஒன்று சோதனையில் பன்னிரண்டு கோடியைத் தாண்டியது.

அளப்பதற்கு லீனும் அந்தப் பழைய எண்ணும் கருவியைத்தான் பயன்படுத்தினார். அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். இம்முறை பெட்டியை வைக்கச் சொன்னவர்கள் சுரங்கத்தார். அதற்குரிய செலவையும் அவர்களே கொடுத்தார்கள்.