வில்வண்டி முதல் லாரி பட்டை வரை

லாரியின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் இரும்புத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் 'பட்டை' என்கிறார்கள். லாரி வருவதற்கு முன்பே அது மாட்டு வண்டிக்கு வந்துவிட்டது!

வில் வந்த கதை

1804-ல் இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்பவர் இரண்டு பட்டை விற்களை எதிரெதிராக வைத்து, முட்டை வடிவில் குதிரை வண்டிக்குப் பொருத்தினார். அத்தகைய வில் நம் மாட்டு வண்டிக்கும் வந்தது. அதுதான் வில்வண்டி. நெல்லும் எருவும் ஏற்றியது கட்டை வண்டி. அதற்கு வில் கிடையாது. வசதியானவர்கள் ஏறிப் போனது வில்வண்டி. அதனால்தான் 1893-ல் திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்டோருக்குத் தடை இருந்த பொதுச் சாலையில் அய்யன்காளி வில்வண்டி ஓட்டிச் சென்றது ஒரு போராட்டமாகவே வரலாற்றில் நின்றது.

லாரிக் காலம்

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் பிறகு சென்னையில் உருவான லாரிகள் தமிழகச் சாலைகளில் பெருகின. தீபத் திருவிழாவில் மாட்டுச் சந்தை கூடும் திருவண்ணாமலையிலும் நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் வண்டியிலிருந்து லாரிக்கு மாறின. பாரம் பல மடங்கு ஆனது. ஆனால் தாங்குவது அதே வில்தான்.

தேய்ந்த பட்டையை அறிவது எப்படி?

காற்றைச் சரிபார்த்து, பாரம் இல்லாமல் சமதரையில் லாரியை நிறுத்திப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம். வளைவு போய் நேராகியிருந்தாலும் ஆபத்துதான். அடுத்து, சேற்றைத் துடைத்து விரிசல் தேட வேண்டும். பட்டையின் குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் விடக்கூடாது. தகடுகள் பக்கவாட்டில் விலகியிருந்தால் யு கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், நடு போல்ட் அறுந்திருக்கலாம். முனையில் உள்ள கண்ணில் புஷ் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் மேலே உள்ள மெயின் பட்டை. அச்சைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். முன்பக்கத்தில் அது முறிந்தால் அச்சு நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். செங்கம் சாலையில் முழுப் பாரத்தோடு போகும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும்?

தளர்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்தால் மட்டும் போதாது. முறையாகக் குளிர்வித்துப் பதம் ஏற்றாவிட்டால் அது மீண்டும் படுத்துவிடும். கழித்த பட்டையோ வீணாவதில்லை. நல்ல எஃகு என்பதால் கொல்லர் கையில் அரிவாளாகிறது.

அன்று வில் என்பது சொகுசு, கௌரவம். இன்று அது ஓட்டுநரின் உயிர். பாரம் ஏற்றும் முன் ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பது அதற்காகத்தான்!