ராக்கெட் எரிபொருள், டிபி மாத்திரை, அப்புறம் என் மாத்திரை அட்டை

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்குது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளிக்குச் சிவகாசி கிளம்பினேன். ஒரு மாத்திரை அட்டையை மட்டும் வேணும்னே சென்னை ரூம்ல, டிராயருக்குள்ள விட்டுட்டுப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். எஸ்சிட்டாலோபிராம். மனச்சோர்வுக்கு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தது. ஆரம்பிச்சு ஏழு வாரம் ஆகியிருந்தது. தூக்கம் வந்துச்சு, வேலையில கவனம் நின்னுச்சு. "அதான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு?"ங்கிறது நான் எனக்கே சொல்லிக்கிட்ட காரணம். அம்மா பார்த்துட்டா என்ன சொல்றதுங்கிற பயம்தான் உண்மையான காரணம்.

மூணாவது நாள் தலை சுத்துச்சு. கண்ணைத் திருப்பினா தலைக்குள்ள சின்னதா ஷாக் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. வெடிப் புகைதான் காரணம்னு நினைச்சேன். சென்னைக்குத் திரும்பி ஒரு மாசத்துல பழைய நிலைமை முழுசா வந்து உட்கார்ந்துடுச்சு. ஒரு ராத்திரி போன்ல அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மா இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க. அவங்க திட்டல. "உங்க அம்மாச்சியும் இப்படித்தான்டா. இருமல் நின்னதும் டிபி மாத்திரையை நிறுத்திருச்சு. மறுபடி வந்து படாத பாடு பட்டுச்சு. டாக்டர்ட்ட போ, பாதியில விடாத"ன்னாங்க.

அம்மா சாதாரணமா சொன்ன ஒப்பீடுதான். ஆனா டிபி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் நிஜமாவே ஒரே குடும்பக் கதையில வர்றவை. அந்தக் கதை ஒரு எரிபொருள்ல ஆரம்பிக்குது.

இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி, மெஸ்ஸெர்ஷ்மிட் 163ங்கிற ராக்கெட் விமானத்தைப் பறக்கவிட்டுச்சு. அதோட எரிபொருள்ல ஹைட்ரசீன்னு ஒரு வேதிப்பொருள் இருந்துச்சு. போர் முடிஞ்சதும் மிஞ்சின ஹைட்ரசீன் மலிவாக் கிடைச்சது. மருந்துக் கம்பெனிகள் அதை வெச்சுப் புதுப்புது மூலக்கூறுகளைச் செய்து பார்த்தாங்க. அதுல ரெண்டு, டிபி கிருமியை அடிச்சது: ஐசோனியாசிட், இப்ரோனியாசிட்.

1952. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுல இருந்த சீ வியூ டிபி மருத்துவமனை. இந்த மருந்துகளைச் சாப்பிட்ட நோயாளிகளுக்குப் பசி திரும்புச்சு, சிலர் வார்டுலயே ஆடினாங்க. இப்ரோனியாசிட் சாப்பிட்டவங்ககிட்ட இந்த உற்சாகம் ரொம்பவே தெரிஞ்சது. அதை முதல்ல பக்கவிளைவுன்னுதான் எழுதி வெச்சாங்க. 1957-ல நேத்தன் கிளைன்ங்கிற அமெரிக்க மனநல மருத்துவர், அந்தப் பக்கவிளைவையே மனச்சோர்வுக்கு மருந்தாக்கலாம்னு காட்டினார். பின்னாடி கல்லீரல் பாதிப்பு தெரிய வந்து, அமெரிக்காவுல இப்ரோனியாசிட் நிறுத்தப்பட்டது.

அதே 1957-ல சுவிட்சர்லாந்துல இன்னொரு கதை. சாயக் கம்பெனியா ஆரம்பிச்ச கெய்கி தயாரிச்ச ஒரு பொருளை ரோலண்ட் குன் தன்னோட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுதான் இமிப்ரமின். அந்த வருஷம் சூரிச் மாநாட்டுல அவர் பேசினப்போ அறையில பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்ததாச் சொல்வாங்க. சீக்கிரமே நிறுத்தினா நோய் திரும்புதுங்கிறதை அவர் அப்பவே கவனிச்சார். திடீர்னு நிறுத்துறவங்களுக்கு வர்ற உடல் தொந்தரவுகள் பத்தி 1959-லயே மருத்துவ இதழ்கள்ல எழுதினாங்க. எனக்குத் தீபாவளியில நடந்தது, அறுபது வருஷத்துக்கும் மேல பழைய செய்தி.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1956-ல சென்னையில டிபி வேதிசிகிச்சை மையம் தொடங்கினாங்க. இன்னைக்குச் சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஏழை நோயாளிகள்ல ஒரு பாதியைச் சானடோரியத்துலயும், இன்னொரு பாதியை வீட்டுலயும் வெச்சு, ஐசோனியாசிட்டும் பாஸ்ங்கிற மருந்தும் ஒரு வருஷம் கொடுத்தாங்க. 1959-ல முடிவு வந்துச்சு: வீட்டு வைத்தியமும் கிட்டத்தட்ட அதே பலன் கொடுத்திருக்கு. உலகம் முழுக்க டிபி வைத்தியம் மாற இது ஒரு காரணம்.

ஆனா மாத்திரையைக் கொடுத்ததோட அவங்க வேலை முடியல. சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க. சிறுநீரைச் சோதிச்சாங்க. ஏன்னா, உடம்பு தேறினதும் மனுஷன் மருந்தை நிறுத்துவான்னு அவங்களுக்குத் தெரியும். மனச்சோர்வு மாத்திரைக்கு அப்படி எண்ணிப் பார்க்க யாரும் வர்றதில்ல. நாமதான் எண்ணணும்.

என் வேலையில ஒண்ணு சொல்வோம்: அலாரம் நின்னுச்சுன்னா சர்வர் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. மாத்திரை விஷயத்துல நான் தப்பாப் படிச்சதும் அதையேதான். அதனால, அன்னைக்கே யாராவது என்கிட்ட சொல்லியிருக்கணும்னு நான் நினைக்கிற விஷயங்கள்:

பலன் தெரிய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகலாம். குமட்டல், தூக்கக் குழப்பம் மாதிரி பக்கவிளைவுகள்தான் முதல்ல வரும். நிறைய பேருக்கு அது சில வாரத்துல குறையும். பாலுறவுல ஆர்வம் குறையறது மட்டும் நீடிக்கலாம். கூச்சப்படாம மருத்துவர்கிட்ட சொல்லுங்க, மாற்று இருக்கு.

முதல் மாத்திரையே எல்லாருக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் பெரிய ஸ்டார்-டி ஆய்வுல (2006), முதல் மருந்துலயே முழுசாக் குணமானவங்க ஏறக்குறைய மூணுல ஒருத்தர். மருந்து மாத்தறது தோல்வி இல்ல.

நல்லா ஆனப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரச் சொல்றதுதான் வழக்கம். திரும்பத் திரும்ப வந்தவங்களுக்கு இன்னும் அதிக காலம். நிறுத்தணும்னா மருத்துவரோட பேசி, அளவைப் படிப்படியாக் குறைச்சு நிறுத்தணும். அப்போ வர்ற தொந்தரவு போதை மாதிரியான ஏக்கம் இல்ல. உடம்பு அந்த மருந்துக்குப் பழகியிருக்கு, அவ்வளவுதான்.

25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க ஆரம்ப வாரங்கள்ல கவனமா இருக்கணும். சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை போட்டிருக்கு. அப்படித் தோணினா காத்திருக்காம உடனே மருத்துவர்கிட்ட சொல்லுங்க. முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம அளவுக்கு மீறின உற்சாகத்துல இருந்திருந்தா, மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லுங்க. அது இருமுனை நோயா இருந்தா வைத்தியமே வேற. வலி மாத்திரை, மது, கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம்.

"மூளையில செரடோனின் குறைவு, அதை நிரப்பறோம்"ங்கிற எளிமையான விளக்கத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு 2022-ல ஒரு ஆய்வுத் தொகுப்பு சொல்லுச்சு. ஆனா மருந்தே வேலை செய்யாதுன்னு அதை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. 2018-ல 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, அதுல இருந்த 21 மருந்துகளும் வெத்து மாத்திரையைவிடக் கொஞ்சமாவது மேலன்னு தெரிஞ்சது. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதா இருக்கலாம்.

யார்கிட்ட போறதுன்னு தெரியலைன்னா 14416. மத்திய அரசோட டெலி மானஸ் எண், இலவசம், தமிழ்லயும் பேசலாம். விருதுநகர்லயே 2022-ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு.

நான் மறுபடி மருத்துவர்கிட்ட போனேன், மறுபடி முதல் வாரத்துல இருந்து ஆரம்பிச்சேன். போன தீபாவளிக்கு மாத்திரை அட்டை என்கூடவே ஊருக்கு வந்துச்சு. அம்மாவோட பிரஷர் மாத்திரை டப்பாவுலயே வெச்சேன். ராத்திரி அடுப்படியில இருந்து அம்மா, "சாப்ட்டியாடா?"ன்னாங்க. சாப்பாட்டைக் கேட்கலன்னு எனக்குத் தெரியும்.

"சாப்ட்டேம்மா."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.