பணப்பையும் பவுலும்: 2 கொரிந்தியர் 8:16–24 குறித்து ஒரு மறுவாசிப்பு

2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை ஈகையின் இறையியலாக வாசிப்பதே ஆய்வாளரிடையே நிலைபெற்ற வழக்கம். கொடிய வறுமையிலும் அள்ளிக் கொடுத்த மக்கெதோனியருக்கும், மன்னா காட்டும் சமநிலைக்கும் உரைகளில் பக்கம் பக்கமாக விளக்கம் கிடைக்கிறது. 8:16–24 மட்டும் பயண ஏற்பாடு, அறிமுகக் கடிதம் என்ற அளவில் ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் விடுக்கும் வேண்டுகோள் முழுவதையும் தாங்குபவை இந்த ஒன்பது வசனங்களே என்பது என் வாதம்.

தீத்துவுடன் பெயர் சொல்லப்படாத சகோதரர் இருவர் வருகின்றனர். முதலாமவரைத் தெரிந்தெடுத்தவை சபைகள்; பவுல் அல்ல (8:19). காரணத்தையும் பவுல் ஒளிக்கவில்லை: இத்தனை பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தம்மேல் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, மனிதருக்கு முன்பாகவும் அது விளங்கவேண்டும் (8:20–21). இவ்விருவரும் பவுலின் உதவியாளர்களே என்கிறது முந்தைய ஆய்வுமரபு. இரண்டாமவரைப் பொறுத்தவரை அதற்கு இடமுண்டு. அவரைப் பலமுறை சோதித்தறிந்ததாகப் பவுலே சொல்கிறார் (8:22). ஆனால் அடுத்த வசனம் தீத்துவைப் பவுலின் கூட்டாளி என்றும், மற்ற இருவரையும் சபைகளின் தூதர்கள் என்றும் பிரித்துக் காட்டுகிறது. தம் ஆள் யார், சபைகளின் ஆட்கள் யார் என்று எழுத்திலேயே வரம்பு கட்டியிருக்கிறார். தம்மையும் கண்காணிக்க உரிமையுள்ளவர்களையே அவர் உடன் அனுப்புகிறார் எனக் கொள்வதே பொருந்தும்.

அத்தகைய கண்காணிப்பு தேவைப்பட்டதா? 12:16–18 ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தந்திரமாகப் பணம் பறித்தவர் என்ற பழி கொரிந்தில் பவுல்மேல் இருந்தது. அந்தச் சபையிடம் தம் பிழைப்புக்கு எதுவும் வாங்க மறுத்தவர் (11:7–9), எருசலேமின் ஏழைகளுக்கென்று பெருந்தொகை கேட்கிறார்; ஒரு கையால் மறுத்ததை மறு கையால் வாங்குகிறாரோ என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. 10–13 அதிகாரங்கள் முந்திய கடிதமா பிந்தியதா என்ற விவாதம் முடியவில்லை. முந்தியதானால் 8ஆம் அதிகார ஏற்பாடு அந்தப் பழிக்குப் பதில். பிந்தியதானால் பழி எளிதில் ஓயவில்லை என்பதற்குச் சான்று.

அக்காலச் சூழலும் இதற்குத் துணைநிற்கிறது. எருசலேம் ஆலயத்துக்கான பணத்தை எடுத்துச்செல்ல நற்பெயர் பெற்றோர் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்று அலெக்சாந்திரியா பிலோ எழுதுகிறார். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. உரோமையில் புல்வியா என்ற சீமாட்டி ஆலயத்துக்கென்று கொடுத்த பொன்னையும் இரத்தாம்பரத்தையும் நால்வர் தமக்கே செலவழித்துக்கொண்டதை யோசேப்பஸ் பதிவுசெய்கிறார். அதன் விளைவாகப் பேரரசன் திபேரியு யூதர்களை நகரைவிட்டு வெளியேற்றினான். 4,000 பேர் சர்தீனியாவுக்கு அனுப்பப்பட்டனர். இது கி.பி. 19ஐ ஒட்டி நடந்தது; நம் நிருபம் 55–56 அளவில் எழுந்தது. கொரிந்து உரோமைக் குடியேற்ற நகரம். செய்தி அங்கே எட்டியது என்று நிறுவ முடியாது. எட்டியிருக்க வாய்ப்பு மிகுதி.

இரு சகோதரரின் பெயர்கள் பின்னாளில் நீக்கப்பட்டன என்ற ஊகத்துக்குக் கையெழுத்துப் படிகளில் ஆதாரமில்லை. 9ஆம் அதிகாரம் தனிக் கடிதம் என்போரும் 9:3–5 அதே சகோதரரைச் சார்ந்து நிற்பதை மறுக்க இயலாது. அங்கே அவர்கள் முன்கூட்டியே வந்து காணிக்கையைச் சேர்த்து வைப்பதற்குப் பவுல் தரும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது: அது நெருக்கிப் பிடுங்கியதாக அமையக் கூடாது. அறுப்பின் பண்டிகைதோறும் நம் பிரசங்க பீடங்களில் ஒலிக்கும் 9:7, மனமுவந்து கொடுப்பது பற்றிய அந்த வசனம், இதற்கு அடுத்தே வருகிறது. அதை இந்த ஏற்பாட்டிலிருந்து பிரித்தெடுத்துச் சபையாரிடம் காணிக்கை கேட்பது பவுல் செய்யாத காரியம். அதை நான் பிழையான வாசிப்பு என்றே சொல்வேன்.

இதே ஏற்பாட்டின் சாயல் அப்போஸ்தலர் 20:4இலும் தெரிகிறது. அங்கே பவுலுடன் பயணம் செய்யும் எழுவரில் பெரும்பாலோர் பெயர் ஊரோடும் நாட்டோடும் வருகிறது: பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா. இக்குழுவை வழிப்பறிக்கு அஞ்சிய துணைப்படை என்பாருண்டு. காவலுக்குச் சென்றவர்களை இப்படி ஊர்வாரியாக அடையாளம் காட்டவேண்டிய தேவை என்ன என்பதை அவர்கள் விளக்கவில்லை. பட்டியலில் கொரிந்தியர் எவரும் இல்லாததைக் கொண்டு கொரிந்து பணம் தரவில்லை என்று முடிவுகட்டுவதற்கும் ரோமர் 15:26 தடையாக நிற்கிறது. அங்கே அகாயாவும் கொடுத்ததாகப் பவுல் எழுதுகிறார்.